முன்னுரிமைப் பங்குகளை யார் வைத்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டணச் சேவை: என் அனுபவம்

அமெரிக்கச் சந்தையில் பட்டியலிட்ட முன்னுரிமைப் பங்குகளை (சாதாரணப் பங்குக்கு முன்னால் டிவிடெண்ட் பெறும் பங்குகள்) எந்தெந்த நிறுவன முதலீட்டாளர்கள் வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பக்கம் போட்டுக் காட்டுகிற இணையச் சேவைகள் சில இருக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்தினேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகைச் சேவைகள் எல்லாவற்றுக்கும் மூலத் தரவு ஒன்றுதான், அதனால் நான் சொல்லும் குறைகளில் பாதி மற்றவற்றிலும் இருக்க வாய்ப்புண்டு. நீங்கள் பார்க்கும் சேவையில் இருக்கிறதா என்று நீங்களே சோதித்துக்கொள்ளலாம், எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பங்குகளுக்கு இந்தச் சேவை பரவாயில்லை, நன்றாகவே இருக்கிறது என்றுகூடச் சொல்வேன். முன்னுரிமைப் பங்குகளுக்காக மட்டும் காசு கட்ட நினைத்தால் வேண்டாம். அந்தப் பக்கத்தில் இருப்பதில் உருப்படியான பகுதி இலவசமாகவே கிடைக்கிறது, அதுவும் இன்னும் புதிய தேதியோடு. காசு வாங்கிக்கொண்டு மேலே ஒட்டித் தருகிற மதிப்பெண்ணும் அம்புக்குறியும்தான் ஆளைக் குழப்புகிற சமாச்சாரம்.

பக்கம் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வெளியீட்டாளர் பெயரைத் தட்டினால் அந்த நிறுவனத்தின் எல்லா முன்னுரிமைத் தொடர்களும் (தனித்தனி வெளியீடுகள்) வரிசையாக வரும். ஒன்றைத் திறந்தால் மேலே பெரிய எழுத்தில், இந்தப் பங்கை இத்தனை நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, மொத்தம் இத்தனை பங்குகள், போன காலாண்டைவிட இவ்வளவு கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது என்று பச்சை, சிவப்பு அம்புகளோடு ஒரு பெட்டி. பக்கத்தில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண், பெரிய கைகள் இந்தப் பங்கைச் சேர்க்கிறார்களா விடுகிறார்களா என்று சொல்கிறதாம். அதற்குக் கீழே நீளமான அட்டவணை: தாக்கல் செய்த தேதி, படிவத்தின் வகை, வைத்திருப்பவர் பெயர், பங்குகளின் எண்ணிக்கை, மதிப்பு, மாற்றம். வேகமாகத் திறக்கிறது, வரிசைப்படுத்த முடிகிறது, கைப்பேசியிலும் கலையாமல் தெரிகிறது. வடிவமைத்தவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன? இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பச்சை அம்பை நம்பக் கூடாது.

எல்லோருக்கும் தெரிந்த மூலம் 13எஃப் படிவம். 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனைச் சட்டத்தில் 1975-இல் சேர்த்த 13(எஃப்) பிரிவின்படி, 10 கோடி டாலருக்கு மேல் குறிப்பிட்ட வகைப் பங்குகளை நிர்வகிக்கும் மேலாளர்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் 45 நாட்களுக்குள் கையிருப்பை எஸ்இசி என்கிற பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். 'குறிப்பிட்ட வகை' என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய இடம். எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று ஆணையமே காலாண்டுக்கு ஒருமுறை ஒரு அதிகாரப்பூர்வப் பட்டியல் வெளியிடுகிறது. அந்த விதியின் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் வாக்குரிமை இல்லாத பங்கு வகைகள் அதில் அடங்காது என்று வந்து நிற்கும். முன்னுரிமைப் பங்குகளில் பெரும்பாலானவை வாக்குரிமை இல்லாதவைதானே. 25 டாலர் முகமதிப்பில் நியூயார்க் சந்தையில் ஓடிக்கொண்டிருக்கும் வங்கி, காப்பீட்டு, மின்சார நிறுவனங்களின் சாதாரண வகை முன்னுரிமைத் தொடர்களில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்கு வெளியே. உள்ளே வருபவை பெரும்பாலும் சாதாரணப் பங்காக மாற்றிக்கொள்ளக்கூடிய தொடர்கள். பேங்க் ஆஃப் அமெரிக்காவின் 7.25 சதவீத எல் தொடர், வெல்ஸ் ஃபார்கோவின் 7.50 சதவீத எல் தொடர் மாதிரி.

ஆக, பத்துக்கு எட்டு பக்கங்களில் நீங்கள் பார்ப்பது 13எஃப் தரவே அல்ல. அது என்-போர்ட் என்கிற வேறொரு படிவம். பதிவு செய்த பரஸ்பர நிதிகளும் இடிஎஃப்களும் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் நிதிகள்) தங்கள் முழுக் கையிருப்பையும் காட்டுகிற அறிக்கை அது. அதில் பங்கு, பத்திரம், வாக்குரிமை உள்ளது, இல்லாதது எல்லாமே வரும், அதனால்தான் முன்னுரிமைப் பங்குகளும் வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அதன் விளைவு என்ன? அட்டவணையில் வரும் பெயர்கள் எல்லாம் நிதிகள். எந்த முன்னுரிமைத் தொடரைத் திறந்தாலும் அதே கூட்டம்தான்: ஐஷேர்ஸின் பிஎஃப்எஃப், இன்வெஸ்கோவின் பிஜிஎக்ஸ், ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் பிஎஸ்கே, குளோபல் எக்ஸின் பிஎஃப்எஃப்டி, வான்எக்கின் பிஎஃப்எக்ஸ்எஃப் (இது நிதித்துறையை ஒதுக்கிவிடும், அதனால் வங்கித் தொடர்களில் தலைகாட்டாது). அப்புறம் ஃபிளாஹர்ட்டி அண்ட் க்ரம்ரின், கோஹன் அண்ட் ஸ்டீயர்ஸ், நுவீன் மாதிரியான நிர்வாகிகளின் நிதிகள் சில.

முதலில் சொன்ன கூட்டம் முழுக்க ஒரு குறியீட்டை (இன்டெக்ஸ்) அப்படியே பின்பற்றுகிறவர்கள். குறியீட்டில் ஒரு தொடர் இருந்தால் வாங்குவார்கள், வெளியே போனால் விற்பார்கள், அவ்வளவுதான். அவர்கள் எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் பெரும்பாலும் சில்லறை முதலீட்டாளர்கள் அந்த இடிஎஃப்பில் பணம் போட்டதுதான், அந்த நிறுவனத்தின் வரவு செலவை யாரும் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கவில்லை. இதைத்தான் நான் சந்தா கட்டிய சேவை 'பெரிய கைகள் சேர்க்கிறார்கள்' என்று பச்சை அம்பு போட்டுக் காட்டியது. ஒரே காலாண்டில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வெளியீட்டாளர்களின் பக்கங்களைத் திறந்து பாருங்கள், மாற்றச் சதவீதம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். வட்டி விகிதம் இறங்கும் என்று பேச்சு அடிபட்டால் எல்லாம் பச்சை, ஏறும் என்றால் எல்லாம் சிவப்பு. தனிப்பட்ட ஒரு பங்கைப் பற்றி அந்த மதிப்பெண் எதுவுமே சொல்வதில்லை.

அடுத்தது இரட்டைக் கணக்கு. இது எனக்கு உண்மையிலேயே எரிச்சலைக் கிளப்பியது. மேலே சொன்ன எல் தொடர் மாதிரி மாற்றத்தக்க பங்குகளில் 13எஃப், என்-போர்ட் இரண்டுமே வரும். பிஎஃப்எஃப் நிதியின் கையிருப்பு அந்த நிதியின் என்-போர்ட்டில் இருக்கும். அதே பங்குகள் அதை நிர்வகிக்கும் பிளாக்ராக்கின் 13எஃப்பிலும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் 13எஃப் மேலாளரின் கணக்கு, என்-போர்ட் நிதியின் கணக்கு. இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுவதில் தப்பில்லை. ஆனால் மேலே பெட்டியில் மொத்தம் போடும்போது இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள். பையில் இருக்கிறது என்று ஒரு தடவை, சட்டையில் இருக்கிறது என்று இன்னொரு தடவை, ஒரே நோட்டை எண்ணுகிற மாதிரி. நீங்கள் பார்க்கும் சேவை இப்படிச் செய்கிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம்: மாற்றத்தக்க தொடர் ஒன்றைத் திறந்து, நிதிகளின் வரிகளை மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைக் கூட்டிப் பாருங்கள். மேலே இருக்கும் மொத்தத்தைவிட நன்றாகக் குறைந்தால் விஷயம் அதுதான்.

ஆதரவுக் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது, எங்கள் கணக்கிடும் முறை இந்தப் பக்கத்தில் விளக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு சுட்டியோடு. அந்தப் பக்கத்தில் இரட்டைக் கணக்கைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சதவீதக் கணக்கு இன்னொரு கூத்து. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் எல் தொடரில் புழக்கத்தில் இருப்பவை சுமார் 30 லட்சம் பங்குகள், ஒவ்வொன்றும் 1,000 டாலர் முகமதிப்பு. அதே வங்கியின் சாதாரணப் பங்குகள் 700 கோடிக்கும் மேல். நிறுவனங்கள் வைத்திருப்பது இத்தனை சதவீதம் என்று போட வேண்டுமானால் கீழே எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதுதான் எல்லாமே. நான் பார்த்த சேவையில் சில தொடர்களுக்குச் சாதாரணப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து, புள்ளிக்கு அப்புறம் பூஜ்யம் பூஜ்யமாக ஒரு சதவீதம் வந்து நின்றது. வேறு சிலவற்றில் நூறைத் தாண்டியது. நூறைத் தாண்டுவதற்கு நியாயமான காரணமும் உண்டு, கடன் கொடுத்த பங்கைக் கடன் வாங்கியவர் விற்றால், அதை விலைக்கு வாங்கியவரும் காட்டுவார், கடன் கொடுத்தவரும் காட்டுவார். ஆனால் இங்கே நடந்தது அது மாதிரித் தெரியவில்லை, வைப்புப் பங்குக் குழப்பம்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முன்னுரிமைப் பங்கில் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். 25 டாலர் கொடுத்து நாம் வாங்குவது பல சமயம் முழு முன்னுரிமைப் பங்கு அல்ல, அதன் ஒரு துண்டைக் குறிக்கிற வைப்புப் பங்கு. உதாரணமாக, மூலப் பங்கின் முகமதிப்பு 25,000 டாலர், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு நம் கையில். ஜேபி மார்கன் தொடர்களில் 10,000 டாலர் மூலப் பங்கை 400 துண்டாக்கியிருப்பார்கள். நிறுவனம் தன் இருப்புநிலைக் குறிப்பில் மூலப் பங்குகளின் எண்ணிக்கையை எழுதும், நிதிகள் தங்கள் அறிக்கையில் துண்டுகளின் எண்ணிக்கையை எழுதும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் என்ன வரும்? மனிதர் ஒருவர் உட்கார்ந்து தொடர் வாரியாகச் சரிசெய்ய வேண்டிய வேலை இது, மென்பொருளை அதன் போக்கில் விட்டால் இப்படித்தான் வரும்.

பங்குகளின் சந்தைச் சின்னங்களும் (டிக்கர்) அப்படியே. ஒரே தொடருக்கு ஒவ்வொரு தரகு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறது: ஒருவர் புள்ளி வைத்து, ஒருவர் கோடு போட்டு, ஒருவர் நடுவில் பி சேர்த்து. நம்பத் தகுந்தது ஒன்பது எழுத்து க்யூசிப் எண் மட்டும்தான். அதில் முதல் ஆறு வெளியீட்டாளரைக் குறிக்கும், அடுத்த இரண்டு குறிப்பிட்ட வெளியீட்டை, கடைசி ஒன்று சரிபார்ப்பு எண். இந்தச் சேவையில் க்யூசிப் வைத்துத் தேட வசதி இருக்கிறது, அதற்கு முழு மதிப்பெண். ஆனால் பெயர் வைத்துத் தேடினால் நிறுவனம் மீட்டு, அதாவது திருப்பி வாங்கி, முடிந்துபோன பழைய தொடர்களும் உயிரோடு இருக்கிற மாதிரியே வந்து நிற்கும்.

தேதிக்கு வருவோம். 13எஃப் 45 நாள் பழசு. என்-போர்ட்டோ நிதியின் காலாண்டு முடிந்து 60 நாள் கழித்துத்தான் பொதுவெளிக்கு வருகிறது. அதோடு நிதிகளின் நிதியாண்டு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதத்தில் முடியும், அதனால் ஒரே அட்டவணையில் ஒரு வரி ஜனவரி மாதக் கையிருப்பு, அடுத்த வரி மார்ச் மாதக் கையிருப்பு என்று கலந்து கிடக்கும். இதைக் கூட்டி வரும் மொத்தம் எந்த நாளின் மொத்தம்? எந்த நாளுக்கும் சொந்தமில்லாத ஓர் எண்.

இந்தத் தாமதம் சாதாரண நாட்களில் பெரிய விஷயமில்லை, முன்னுரிமைப் பங்குகள் மெதுவாக நகர்பவைதான். வங்கிகள் விழும்போதுதான் இது பல்லிளிக்கும். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் வேலி வங்கி மார்ச் 10-இல் மூடப்பட்டது. ஃபர்ஸ்ட் ரிபப்ளிக் வங்கி ஏப்ரலில் முன்னுரிமைப் பங்குகளுக்கான டிவிடெண்டை நிறுத்தியது, மே 1-இல் மூடப்பட்டு ஜேபி மார்கனுக்குக் கைமாறியது, முன்னுரிமைப் பங்குதாரர்கள் துடைத்தெறியப்பட்டார்கள். மார்ச் 31-இல் காலாண்டு முடிகிற ஒரு நிதியின் அறிக்கை எப்போது வெளியே வரும்? மே மாதக் கடைசியில். அதாவது வங்கியே இல்லாமல் போய் ஒரு மாதம் ஆகப்போகிற நேரத்தில், அதன் முன்னுரிமைப் பங்குகளை இன்னின்னார் வைத்திருக்கிறார்கள் என்று இந்த மாதிரி அட்டவணைகளில் புத்தம் புதிய தாக்கல் தேதியோடு வரிகள் வரலாம். தாக்கல் தேதியைப் பெரிதாகவும் கையிருப்புத் தேதியைச் சிறிதாகவும் காட்டுவது (நான் பயன்படுத்திய சேவையில் கையிருப்புத் தேதியைப் பார்க்கத் தனியாக ஒரு சொடுக்கு வேண்டும்) இந்த வகைப் பக்கங்களில் நான் மன்னிக்கத் தயாராக இல்லாத ஒன்று.

'முழுவதும் விற்றுவிட்டார்' என்று சிவப்பில் வருகிற வரிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 13எஃப்பில் ஒரு சின்ன விலக்கு உண்டு: 10,000 பங்குகளுக்குக் குறைவாகவும், அதே சமயம் மொத்த மதிப்பு 2 லட்சம் டாலருக்குக் குறைவாகவும் இருந்தால் அந்தக் கையிருப்பைக் காட்டாமல் விடலாம். 1,000 டாலர் விலை போகும் ஒரு மாற்றத்தக்க தொடரில் 200-க்கும் குறைவான பங்குகள் என்றாலே இந்த விலக்குக்குள் வந்துவிடும். மேலாளர் 220-லிருந்து 150-க்கு இறக்கிவிட்டு, அடுத்த காலாண்டில் காட்டாமல் விட்டால், சேவை அதை முழு விற்பனை என்று எழுதிவிடுகிறது. படிவத்தில் இல்லை என்பதற்கும் கையில் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் ஓரத்தில் குறிப்பாகவாவது போட்டிருக்கலாம்.

மதிப்பு என்கிற நெடுவரிசையில் பழைய காலாண்டுகளைப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2023 ஜனவரி 3-க்கு முன்னால் 13எஃப்பில் மதிப்பை ஆயிரம் டாலர் கணக்கில் எழுதினார்கள், அதற்கப்புறம் முழு டாலரில். மாறின சமயத்தில் சில மேலாளர்கள் பழைய வழக்கப்படியே எழுதித் தள்ளினார்கள். அதனால் வரைபடத்தில் திடீரென்று ஆயிரம் மடங்கு ஏற்றமோ இறக்கமோ தெரிந்தால் யாரும் அள்ளி வாங்கவில்லை, கொட்டி விற்கவும் இல்லை. நான் பயன்படுத்திய சேவை இதைப் பெரும்பாலும் சரிசெய்து வைத்திருந்தது, ஆங்காங்கே விட்டுப்போன வரிகள் கண்ணில் பட்டன.

இதுவரை சொன்னது இருக்கிற தரவின் கோளாறு. இல்லாத தரவு இதைவிடப் பெரிய கதை. முன்னுரிமைப் பங்கு வரலாற்றிலேயே எல்லோரும் பேசுகிற நிறுவன முதலீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 செப்டம்பரில் பெர்க்‌ஷயர் ஹாத்தவே கோல்ட்மேன் சாக்ஸில் 500 கோடி டாலருக்கு 10 சதவீத முன்னுரிமைப் பங்கு வாங்கியது. 2011-இல் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் இன்னொரு 500 கோடி, 6 சதவீதம். 2019-இல் ஆக்ஸிடெண்டல் பெட்ரோலியத்தில் 1,000 கோடி, 8 சதவீதம். மூன்றுமே நேரடியாகப் பேசி வாங்கியவை, சந்தையில் ஓடாதவை, அதனால் பெர்க்‌ஷயரின் 13எஃப்பில் வரவேண்டிய கட்டாயமில்லை, இந்த அட்டவணைகளிலும் தேடிக் கிடைக்காது. அதே 2008-இல் தொடங்கிய வங்கி மீட்புத் திட்டத்தில் அமெரிக்கக் கருவூலம் 707 வங்கிகளில் ஏறக்குறைய 20,500 கோடி டாலர் போட்டது, பெரும்பாலும் முன்னுரிமைப் பங்குகளாக. அதற்கும் இந்தப் படிவங்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்கிற அமெரிக்க வீட்டுக் கடன் நிறுவனங்களின் இளநிலை முன்னுரிமைப் பங்குகளில் ஆர்வம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கும் இதே கதைதான். 2010-இல் நியூயார்க் சந்தையிலிருந்து நீக்கப்பட்டு வெளிச்சந்தைக்கு, அதாவது பட்டியலுக்கு வெளியே நடக்கும் வியாபாரத்துக்கு, போய்விட்டதால் அவை 13எஃப் வட்டத்துக்குள் வருவதில்லை. ஹெட்ஜ் நிதிகள் அதில் எவ்வளவு வைத்திருக்கின்றன என்று இந்தச் சேவையில் தேடினால், பரஸ்பர நிதிகள் சிலவற்றின் வரிகள் மட்டும் வரும், அதைப் பார்த்து நிறுவனங்கள் ஒதுங்கிவிட்டன என்று நினைத்தால் தவறாகிவிடும்.

அப்புறம் காப்பீட்டு நிறுவனங்கள். முன்னுரிமைப் பங்குகளுக்கு நெடுநாளைய வாடிக்கையாளர்கள் இவர்கள். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடமிருந்து பெறும் தகுதியான டிவிடெண்டில் பொதுவாக 50 சதவீதத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் (2018-க்கு முன்னால் 70 சதவீதம்), அதனால் கடன் பத்திரத்தைவிட இது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். அவர்கள் வாங்குவதில் பெரும்பகுதி 1,000 டாலர் முகமதிப்பில் வெளிச்சந்தையில் கைமாறும் தொடர்கள். அந்தக் கையிருப்பு மாநிலக் காப்பீட்டுக் கட்டுப்பாட்டாளர்களிடம் தரும் ஆண்டறிக்கையின் டி அட்டவணையில் வரி வரியாக இருக்கிறது. இந்தச் சேவை அதைத் தொடவே இல்லை. அதைச் சேர்த்திருந்தால் ஒருவேளை கட்டணத்துக்கு ஒரு நியாயம் இருந்திருக்கும், ஏனென்றால் அதைச் சொந்தமாகத் திரட்டுவது உண்மையிலேயே சிரமம்.

இவ்வளவு திட்டியாயிற்று, எதற்குமே உதவவில்லையா என்றால், ஒரு விஷயத்துக்கு உதவியது. யார் விரும்பி வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் கட்டாயத்தின் பேரில் விற்கக்கூடும் என்று பார்த்தால் அட்டவணைக்கு அர்த்தம் வருகிறது. முன்னுரிமைப் பங்குகளில் தினசரி வியாபாரம் ரொம்பக் குறைவு. ஒரு சின்ன வெளியீட்டில் கணிசமான பகுதி இரண்டு மூன்று குறியீட்டு நிதிகளிடம் இருந்தால், அந்தத் தொடர் குறியீட்டிலிருந்து வெளியேறும் நாளில் (அளவு சுருங்கியதாலோ, தரமதிப்பீடு மாறியதாலோ, பட்டியல் நீக்கத்தாலோ) விலை என்ன என்று கேட்காமல் விற்பார்கள். நிறுவனத்தின் நிலையில் ஒரு மாற்றமும் இல்லாமல் விலை மட்டும் சரியும். டிவிடெண்டுக்காக நீண்ட நாள் வைத்திருக்க நினைப்பவருக்கு அது வாங்கும் வாய்ப்பு, அவசரத்துக்கு விற்க வேண்டியவருக்கு ஆபத்து. இந்த அடர்த்தியைப் பார்ப்பதற்கு அட்டவணை போதும், மேலே இருக்கும் மதிப்பெண் தேவையில்லை.

இன்னொன்று, தீவிரமாக நிர்வகிக்கும் நிதிகளின் வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்ப்பது. ஃபிளாஹர்ட்டி அண்ட் க்ரம்ரின் மாதிரி முன்னுரிமைப் பங்கே தொழிலாக இருப்பவர்கள் ஒரு தொடரைக் குறைத்துவிட்டு அதே வெளியீட்டாளரின் வேறு தொடரைக் கூட்டியிருந்தால் அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது: மீட்புத் தேதி (நிறுவனம் பங்கைத் திருப்பி வாங்கக்கூடிய நாள்) நெருங்குகிறதா, நிலையான விகிதத்திலிருந்து மிதக்கும் விகிதத்துக்கு மாறப் போகிறதா என்று போய்ப் பார்க்கலாம். பிரச்சினை என்னவென்றால், அதைப் பார்க்கப் போனால் இந்தப் பக்கத்தில் மீட்புத் தேதியே கிடையாது! டிவிடெண்ட் நிலுவை சேருமா சேராதா என்பதும் இல்லை, மிதக்கும் விகிதங்களுக்கு அடிப்படையாக இருந்த லைபார் வட்டி விகிதம் 2023 ஜூன் கடைசியில் நின்றபின் எந்த விகிதத்துக்கு மாறியது என்பதும் இல்லை. 25 டாலருக்கு நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளக்கூடிய பங்கை 26 டாலருக்கு வாங்கிவிட்டு, யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து என்ன பிரயோஜனம்? முன்னுரிமைப் பங்குக்கென்று ஒரு பக்கம் செய்தவர்கள் முதலில் போட வேண்டிய தகவல் இது. சாதாரணப் பங்கின் பக்கத்தை அப்படியே எடுத்துப் பெயரை மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது.

இலவச வழி என்று சொன்னேன் அல்லவா. முதல் வழி, இடிஎஃப் நிறுவனங்களின் சொந்தத் தளங்கள். 2019-இல் வந்த விதியின்படி இயங்கும் இடிஎஃப்கள் தங்கள் கையிருப்பை ஒவ்வொரு வேலைநாளும் தளத்தில் வெளியிட வேண்டும். பிஎஃப்எஃப் பக்கத்துக்குப் போனால் முழுப் பட்டியலையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், அதிலும் ஒவ்வொரு தொடருக்கும் எண்ணிக்கையும் எடையும் இருக்கும். இரண்டு மாதம் பழைய என்-போர்ட் வரியைக் காசு கொடுத்துப் பார்ப்பதைவிட இந்த வாரத்துக் கோப்பைச் சும்மா பார்ப்பது மேல் இல்லையா. ஐந்தாறு முன்னுரிமை இடிஎஃப்களின் கோப்புகளை ஒரு விரிதாளில் போட்டு க்யூசிப் வைத்துச் சேர்த்தால், மேலே சொன்ன கட்டாய விற்பனை ஆபத்தைப் பார்க்க அதுவே போதுமானது.

இரண்டாவது, எஸ்இசியின் எட்கர் என்கிற ஆவணத் தளம். 13எஃப் தரவைக் காலாண்டு வாரியாகப் பொதிந்த கோப்புகளாகவே அங்கே கொடுக்கிறார்கள், 2013-இலிருந்து இருக்கிறது. என்-போர்ட்டுக்கும் அதே மாதிரித் தனித் தொகுப்பு உண்டு. கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு மாலை வேலை. தெரியாதவர்களுக்குக் கோப்பின் அளவைப் பார்த்தாலே தலை சுற்றும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் கட்டணச் சேவைக்கு ஒரு பயன் இருக்கிறது: மாற்றத்தக்க தொடர்களை மட்டும் வைத்து விளையாடுகிறவர், நிரல் எழுத வராதவர், பழைய காலாண்டுகளை ஒப்பிட வேண்டியவர் என்றால் ஒரு மாதச் சந்தா கட்டி வேலையை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். அப்படிக் கட்டினாலும் மொத்தத்தை நீங்களே கூட்டுங்கள்.

மூன்றாவதாகப் பங்கு வெளியீட்டு ஆவணம். அதில் வைத்திருப்பவர்கள் பெயர் வராது, ஆனால் அவர்களுக்கு என்ன அதிகாரம் உண்டு என்று வரும். நியூயார்க் சந்தையில் பட்டியலிட்ட தொடர்களில் ஆறு காலாண்டு டிவிடெண்ட் தவறினால் முன்னுரிமைப் பங்குதாரர்கள் இரண்டு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது வழக்கமான ஏற்பாடு. நிறுவனம் நெருக்கடியில் இருக்கும்போது அந்த இரண்டு இடத்துக்கு யார் குரல் கொடுப்பார்கள் என்பது பெரிய விஷயம். ஒரு தொடர் முழுக்கக் குறியீட்டு நிதிகளிடம் இருப்பதும், பாதியை ஒரு சண்டைக்கார நிதி பிடித்து வைத்திருப்பதும் ஒன்றாகாது. வாக்குரிமையற்ற வகை என்பதால் ஐந்து சதவீதம் தாண்டினாலும் பெரிய பங்குதாரர்கள் தாக்கல் செய்யும் 13டி அறிக்கை போட வேண்டியதில்லை, ஆக அந்தச் சண்டைக்காரர் யார் என்று எந்தச் சேவையும் முன்கூட்டிச் சொல்லப் போவதில்லை.

மற்றபடி சின்னச் சின்ன விஷயங்கள். மின்னஞ்சல் எச்சரிக்கை வசதி இருக்கிறது, ஆனால் ஒரே நிர்வாகியின் பத்து நிதிகள் ஒரே நாளில் தாக்கல் செய்தால் பத்து மின்னஞ்சல் வரும், ஒன்றாகச் சேர்த்து அனுப்ப வழியில்லை. விரிதாளாக இறக்கிக்கொள்வது மேல்நிலைச் சந்தாவில் மட்டும்தான், கீழ்நிலையில் திரையைப் பார்த்துக் கையால் எழுத வேண்டியதுதான். தரவு தவறு என்று தெரிவிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. மீட்கப்பட்ட ஒரு தொடர் இன்னும் உயிரோடு இருப்பதாகக் காட்டுவதைச் சொன்னபோது இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சந்தா தானாகப் புதுப்பிக்கப்படும், நிறுத்தும் பொத்தான் கணக்கு அமைப்புகளில் மூன்றாவது திரையில் அடியில் இருக்கிறது, நிறுத்தினாலும் கட்டிய காலம் முடியும்வரை பார்க்க விடுகிறார்கள். நான் நிறுத்திவிட்டேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அதிலும் ஒன்று க்யூசிப் தேடலுக்காக.